பழைய 3டி டப்பாக்களை வாங்கலாமா? (நுகர்வோர் கேள்வி-பதில்)

கேள்வி: பாலக்கோட்டில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். தர்மபுரியில் ஸ்டூடியோவை மூடிய ஒருவர், பழைய கம்ப்யூட்டர் ஒன்றோடு 3டி ஸ்டூடியோ, லைட்வேவ், ட்ரூஸ்பேஸ் என்ற முப்பரிமாணப் பட மென்பொருள்களின் டப்பாக்களையும் சேர்த்து 15,000 ரூபாய் கேட்கிறார். பழையதில் கற்றால் அடிப்படை பலமாகும் என்கிறார். மூன்றில் எது நல்லது? வாங்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்துக்கு உங்கள் கம்ப்யூட்டரில் ரேமைக் கூட்டுங்கள்.

ஆசைக்காக வாங்குவதானால், டப்பாவில் டாங்கிள் என்ற பூட்டுக் கருவி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 3டி ஸ்டூடியோவும் கம்ப்யூட்டருக்கு வந்த லைட்வேவும், பிரிண்டர் போர்ட்டில் செருகும் அந்தச் சின்னப் பூட்டு இல்லாமல் முழுதாக வேலை செய்யாது. பூட்டு தொலைந்திருந்தால் நீங்கள் வாங்குவது வெறும் அட்டைப்பெட்டி. பிளாப்பிகளுக்கும் முப்பது வயது ஆகியிருக்கும். கண் முன்னே இன்ஸ்டால் செய்து ஒரு படமாவது ரெண்டர் போட்டு, அதாவது செய்த உருவத்தை முழுப் படமாகக் கணக்கிட்டுக் காட்டச் சொல்லுங்கள். உரிமத்தைக் கைமாற்ற நிறுவனத்தின் சம்மதம் வேண்டுமா என்று உரிமத் தாளையும் படித்துவிடுங்கள்.

எது நல்லது என்றால், வேலையைப் பொறுத்தது. ஆட்டோடெஸ்கின் 3டி ஸ்டூடியோ 1990இல் டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கு வந்தது. ஷேப்பரில் கோடு வரைந்து, லாஃப்டரில் அதை ஒரு பாதை வழியே இழுத்து உருவமாக்கி, எடிட்டரில் விளக்கும் கேமராவும் வைத்து, கீஃப்ரேமரில் அசைக்க வேண்டும். அறை அறையாகப் போய் வருவது மாதிரி இருக்கும். ஆனால் மணமக்கள் பெயர் தங்க எழுத்தாகச் சுழன்று வருமே, அந்த டைட்டிலுக்கு லாஃப்டர் போல ஒரு கருவி அன்று கிடையாது. மாலையில் ரெண்டர் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், காலையில் ஓடி வந்து பார்த்த ஆட்களை எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனி டார்கா வகைப் படக் கோப்பாகச் சேமிக்கக் கற்றவர்கள், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். இன்றும் அதுவே நல்ல பழக்கம்.

லைட்வேவ் 1990இல் அமிகா கம்ப்யூட்டரில் வீடியோ வேலைக்காகச் செருகும் வீடியோ டோஸ்டர் என்ற கருவியோடு வந்து, பிறகு விண்டோஸுக்கு மாறியது. உருவம் செய்ய மாடலர், அசைக்க லேஅவுட் என்று இரண்டு தனி நிரல்கள். மூன்றில் படம் அழகாக வந்தது இதில்தான் என்பது என் கருத்து. கற்க எளிது, 1994இல் விண்டோஸுக்கு வந்த ட்ரூஸ்பேஸ்; எல்லாம் ஒரே ஜன்னலில். 2008இல் மைக்ரோசாஃப்ட் இதை வாங்கி 7.6 பதிப்பை இலவசமாகவே கொடுத்தது. அதன் பழைய டப்பாவுக்குக் காசு எதற்கு?

அடிப்படைதான் வேண்டுமென்றால் பவ்-ரே இருக்கிறது, இலவசம். கேமரா, விளக்கு, உருண்டை எங்கே என்று எண்ணாக எழுதிப் படம் எடுக்கிற நிரல். ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் விளக்கு எப்படி விழுகிறது என்பது கைக்கு வந்துவிடும். தொழிலுக்கு ப்ளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருள். 2002இல் பொதுமக்கள் 1,00,000 யூரோ திரட்டி அதன் மூலநிரலை எல்லாருக்கும் திறந்துவிட வைத்தார்கள். அன்று அவர்கள் கொடுத்த பணம் இன்று பாலக்கோட்டில் உங்களுக்குப் பயன்படுகிறது.

ஒன்று மட்டும் அவரிடம் விலை பேசுங்கள்: அவர் செய்து வைத்திருக்கும் மண்டபம், குத்துவிளக்கு, எழுத்து உருவங்கள். 3டி ஸ்டூடியோவின் 3டிஎஸ் கோப்புகளை இன்றும் பல மென்பொருள்கள் திறக்கும். அவை அவரே செய்தவை என்றால், பயன்படுத்தச் சம்மதம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு பயிற்சி மையம் ஒரிஜினல் மென்பொருளோடு 3டி அனிமேஷன் கற்றுத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கியது. கொடுத்ததோ கிராக் போட்ட, அதாவது பூட்டை உடைத்த திருட்டுக் காப்பி. என்ன செய்யலாம்?

பதில்: விளம்பரம், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அந்தக் காப்பியை அழித்துவிடுங்கள். அதில் வைரஸ் வந்தால் உங்கள் வேலையெல்லாம் போகும். பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.