கிணற்றில் எத்தனை பங்கு?

(வீடு, காணி தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற நொத்தாரிசு, அதாவது காணி உறுதி (உரிமைப் பத்திரம்) எழுதி அத்தாட்சிப்படுத்துபவர், ஒருவர் தரும் பதில்கள்)

கேள்வி: கோண்டாவிலில் இரண்டரைப் பரப்புக் காணியோடு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். விலை ஒரு கோடியே 80 இலட்சம். தாய் தகப்பன் காலமான பின் நான்கு பிள்ளைகளுக்கும் வந்த சொத்து. தம்பி இங்கே இருக்கிறார். அக்காமார் இருவர் கனடாவில், ஒருவர் ஜேர்மனியில். கனடா அக்காமார் தம்பிக்கு அற்றோணித் தத்துவம் (தங்களுக்காகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) கொடுத்திருக்கிறார்கள். ஜேர்மனி அக்கா பிறகு எழுதித் தருவார் என்று தரகர் சொல்கிறார். இந்த வாரமே இருபது இலட்சம் முற்பணம் வைக்கச் சொல்லி நெருக்குகிறார். என்ன செய்யலாம்?
— வாசகி, இணுவில்

பதில்: பிள்ளை, உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறார்கள். முழுக் கடிதத்தில் மூன்று பந்தி வீட்டைப் பற்றியது. தேக்கு யன்னல், புதிதாகப் பதித்த மாபிள், முற்றத்துக் கறுத்தக்கொழும்பான் மாமரம். உறுதியைப் பற்றி ஒரு வரி இல்லை. உறுதியின் கடைசியில் அட்டவணை என்று ஒரு பந்தி வரும். நீங்கள் காசு கொடுப்பது அந்தப் பந்தியில் எழுதியிருப்பதற்குத்தான். மாமரத்தைப் பிறகு பார்க்கலாம்.

காணியின் பெயர், பரப்பளவு, நான்கு எல்லை, அதற்குப் பிறகு 'இதற்குள் அடங்கிய வீடும் கிணறும்' என்று தொடங்கும் ஒரு நீண்ட வசனம். அந்த வசனத்தை அவசரத்தில் யாரும் வாசிப்பதில்லை. வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். தகப்பன் ஒருவர் தன் வளவை இரண்டாகப் பிரித்து இரண்டு பெண்களுக்கும் சீதனமாக எழுதினார். கிணறு மூத்தவளின் துண்டுக்குள் விழுந்தது. நல்ல மனிதர், இளையவளின் சீதன உறுதியில் 'அயலிலுள்ள கிணற்றில் அரைப் பங்கும் அதற்குப் போய்வரும் வழி வாய்க்காற் பங்கும்' என்று சேர்த்துவிட்டார். பிறகு இளையவளின் துண்டு கைமாறியது. அந்த உறுதியை எழுதியவர் பழையதைப் பார்த்து எழுதும்போது ஒரு வரியைத் தாண்டிவிட்டார். அதைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து மற்றொன்று. நான்காவது உறுதியில் வாங்கியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எட்டு மாதம் அந்தக் கிணற்றிலேயே அள்ளிக் குளித்தார். ஒருநாள் அயலவர் மதில் கட்டக் கல் பறித்தார். அன்று பின்னேரம்தான் ஆசிரியர் என்னிடம் வந்தார்.

மேசையில் நான்கு உறுதிகளையும் வரிசையாக விரித்து விரலால் தொட்டுத் தொட்டுப் போனேன். முதலாவதில் கிணறு இருந்தது. இரண்டாவதில் இல்லை. வழக்குப் பேச இடமிருந்தது, அதையும் சொன்னேன். அவருக்கு அப்போது வயது அறுபத்திரண்டு. "ஐயா, தீர்ப்பு வரும்போது எனக்குத் தண்ணீர் தேவைப்படாது" என்று சொல்லிவிட்டுப் போய், சுண்ணாம்புக் கல்லை உடைத்துத் தனக்கென்று ஒரு கிணறு தோண்டினார். பழைய கிணற்றுத் தண்ணீர்தான் ருசி என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே முதல் வேலை, தற்போதைய உறுதியை மட்டுமல்லாமல் அதற்கு முந்தியவற்றையும் கேட்டு வாங்குங்கள். முப்பது வருடமாவது பின்னோக்கிப் போக வேண்டும். எல்லைகளில் எப்போதோ செத்துப்போனவர்களின் பெயர்கள் இருக்கும். கிழக்கே இன்னாரின் பெண்சாதி, வடக்கே ஒழுங்கை. அந்த ஒழுங்கை இன்று தார் வீதியாகியிருக்கும், அல்லது யாருடைய மதிலுக்குள்ளாவது போயிருக்கும். நில அளவையாளரைக் கொண்டு அளந்து புதிய வரைபடம் எடுத்து, உறுதியோடு ஒப்பிடுங்கள். நமது கணக்கில் வரகுப் பரப்பு (மேட்டுக் காணிக்கான பரப்பு) ஒன்று பத்துப் பேர்ச். இரண்டரைப் பரப்பு என்றால் வரைபடத்தில் இருபத்தைந்து பேர்ச் வர வேண்டும்.

அடுத்தது காணிப் பதிவகம். உங்கள் சட்டத்தரணி தேடுவார், ஆனாலும் ஒருநாள் கூடப் போய் நின்று பாருங்கள். அந்தக் காணிக்குரிய பக்கத்தில் விற்பனை, நன்கொடை, ஈடு, நீதிமன்ற வழக்கு எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதிந்திருக்கும். வங்கிக்கு ஈடு வைத்து மீட்காத வீட்டை விற்க வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். நேரில் பேசினால் அவர்களைப்போல நல்லவர்கள் இல்லை.

இனி அக்காமார். கனடாவிலிருந்து வந்த அற்றோணித் தத்துவத்தை எடுத்து, 'விற்க' என்ற அதிகாரம் வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டைப் பராமரிக்கவும் வாடகை வாங்கவும் கொடுத்த பத்திரத்தை வைத்து வீட்டை எழுதிக்கொடுக்க முடியாது. அங்கே முறைப்படி கையெழுத்தாகி இங்கே பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பத்திரம் கொடுத்தவர் இறந்தால் அந்த நிமிடமே பத்திரமும் இறந்துவிடுகிறது. ஒரு தடவை உறுதி எழுத வந்த தம்பியிடம் "அக்கா சுகமாக இருக்கிறாவா?" என்று சும்மாதான் கேட்டேன். "அவ மோசம் போய் இரண்டு கிழமை, அந்தியேட்டிக்குப் போக விசா கிடைக்கவில்லை" என்றார். பேனையை மூடி வைத்தேன். ஏமாற்ற வந்தவர் இல்லை அவர், தெரியாது, அவ்வளவுதான். அதனால் கையெழுத்து வைக்கும் நாளில் அக்காமார் இருவரையும் வீடியோ அழைப்பில் பாருங்கள். நலம் விசாரித்ததாகவும் இருக்கும்.

ஜேர்மனி அக்கா விடயத்தில் தரகர் சொல்வதைக் கேட்காதீர்கள். அவர் எழுதாவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது நாலில் மூன்று பங்கு, அதுவும் பிரிபடாத பங்கு. எந்த அறை உங்களுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. நாளைக்கு அவர் பிரிவினை வழக்குப் போடலாம். அதைவிட, நம் தேசவழமையில் (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்தில்) முன்வாங்கல் உரிமை ஒன்று உண்டு. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த காலத்திலிருந்து வருவது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதை ஒழுங்குபடுத்தியது. பங்காளி தன் பங்கை வெளியாருக்கு விற்க முதல் மற்றப் பங்காளிகளுக்கு நொத்தாரிசு மூலம் அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விற்றால் அந்த அக்கா நீதிமன்றம் போய், நீங்கள் வாங்கிய பங்கைத் தன் பெயருக்குக் கேட்கலாம். நால்வரும் ஒரே உறுதியில் விற்பவர்களாக வரட்டும். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால், ஏன் என்று அவரிடமே கேளுங்கள். தரகரிடம் கேட்க வேண்டாம்.

இருபது இலட்சம் வெறும் கையால் கொடுக்க வேண்டாம். முற்பணம் வைப்பதென்றால் விற்பனை உடன்படிக்கையை நொத்தாரிசு முன் எழுதிப் பதியுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் காணி விற்பனைக்கும் அதற்கான உடன்படிக்கைக்கும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும் என்கிறது. கொப்பித் தாளில் முத்திரை ஒட்டி எழுதிய பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு வீட்டைத் தா என்று கேட்க முடியாது.

முத்திரைத் தீர்வை வழக்கமாக வாங்குபவர் தலையில். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம் என்ற கணக்கில் உங்களுக்கு 7 இலட்சத்து 19 ஆயிரம் ரூபா வரும். விலையைக் குறைத்து எழுதலாம் என்று யாராவது காதில் சொல்வார்கள். எழுதினால் மதிப்பீடு கேட்டு இறைவரித் திணைக்களத்தின் கடிதம் உங்கள் பெயருக்குத்தான் வரும், சொன்னவர் பெயருக்கு வராது. உறுதி முடிந்ததும் பதிவுக்குப் போய்விட்டதா என்று விசாரியுங்கள். ஒரே காணியை இருவருக்கு விற்றால், மோசடியில்லாமல் விலை கொடுத்து முதலில் பதிந்தவர் பக்கம்தான் சட்டம் நிற்கும்.

இந்த இதழின் கடைசிக் கேள்வியையும் வாசியுங்கள். அது உங்களுக்கு விற்கும் அந்த மூன்று அக்காமாருக்கும் பொருந்தும்.

கேள்வி: 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீட்டு உறுதி தொலைந்துவிட்டது. இப்போது விற்க விரும்புகிறோம். உறுதி இல்லாமல் முடியுமா?
— வாசகர், மானிப்பாய்

பதில்: உறுதி தொலைந்ததால் காணி தொலையவில்லை. நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதிக்கும் இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. நொத்தாரிசிடமும் ஒன்று இருக்கும். நொத்தாரிசு இல்லாமல் போயிருந்தாலும் பதிவகப் பிரதியிலிருந்து உறுதிப்படுத்திய நகல் எடுக்கலாம். உறுதி இலக்கமும் திகதியும் தெரியாவிட்டால் காணியின் பெயரையும் ஊரையும் வைத்துத் தேட வேண்டும். பழைய சோலைவரிப் பற்றுச்சீட்டு, அயற்காணிக்காரரின் உறுதி, உங்கள் அம்மாவின் சகோதரிகளின் சீதன உறுதி, இவற்றில் ஏதாவது ஒன்றில் நூல் கிடைக்கும். தொலைந்ததைப் பொலிஸில் முறையிட்டு அந்தப் பிரதியையும் வைத்திருங்கள். வாங்க வருபவர் கட்டாயம் கேட்பார்.

கேள்வி: என் அண்ணா பிரித்தானியப் பிரசை. நல்லூரில் தன் பெயரில் வீடு வாங்க முடியுமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: இரட்டைப் பிரசாவுரிமை இருந்தால் முடியும். இல்லாவிட்டால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. உங்கள் பெயரில் வாங்கி வைக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். வாங்கலாம், ஆனால் அது உங்கள் வீடாகத்தான் இருக்கும். அண்ணிக்கு அது விளங்குமா என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் சீதன வீட்டை விற்க வேண்டும். கணவர் பிரிந்து போய்ப் பிரான்சில் இருக்கிறார். வீடு என் பெயரில்தானே, அவர் கையெழுத்து எதற்கு?
— வாசகி, சுன்னாகம்

பதில்: உங்கள் கோபம் நியாயம், சட்டம் பழையது. தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் சொந்த அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கணவன் தன் சொத்தை விற்க மனைவியின் கையெழுத்தை அது கேட்பதில்லை. நாற்பது வருடம் இந்த வரியைப் பெண்களுக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன், ஒருவராவது தலையாட்டியதில்லை. கணவர் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது காரணமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுக் கொடுத்து அனுமதி பெறலாம். அவர் போன திகதி, பிறகு பணம் அனுப்பினாரா, கடைசியாக எப்போது பேசினார், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள்.

இணுவில் வாசகிக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டில் இருக்கும் அக்காமார் இன்னும் தேசவழமைக்குள் வருகிறார்களா என்று வாதாடலாம்தான். அதைவிட மூன்று அத்தான்மாரிடமும் கையெழுத்து வாங்குவது சுலபம்.