சுடாத வெந்நீர்

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. 15 வருடமாகச் சர்க்கரை. நாங்கள் விரல் வைக்க முடியாத வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, "சுடவே இல்லையே" என்கிறார். வலியும் சூடும் தெரியாத உடம்பு ஒரு வரம்தானே?
(வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: வரமா? முதலில் அந்த வாளியை எடுத்து ஓரமாக வையுங்கள். அப்புறம் பேசுவோம்.

போன வாரம் தோசைக்கல் விளிம்பில் என் விரல் பட்டுவிட்டது. கை தானாகப் பின்னால் வந்தது. நான் 'ஆ' என்றது அதற்குப் பிறகுதான். கையை இழுத்தது மூளையின் உத்தரவு இல்லை, தண்டுவடத்தின் உத்தரவு. மூளைக்குச் சேதி மட்டும் போகிறது, அதுவும் இரண்டு தவணையில். முதலில் வருவது 'சுருக்'. உறை போட்ட மெல்லிய நரம்பில், நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடி வருகிறது. பின்னாலேயே உறையில்லாத நரம்பில், நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் என்று ஆடி அசைந்து வருகிறது காந்தல். ராத்திரி வரை என்னோடு இருந்தது அந்த இரண்டாவது ஆசாமிதான்.

தோலுக்கடியில் இருக்கும் அந்த நரம்பு நுனிகளில், புரதத்தால் ஆன சின்னச் சின்ன மதகுகள் உண்டு. அதில் ஒன்று சுமார் 43 டிகிரி செல்சியஸில் திறக்கும். திறந்ததும் கால்சியமும் சோடியமும் உள்ளே பாய, நரம்பில் மின்துடிப்பு கிளம்பும். 1997இல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் தேடிப் போனது சூட்டை அல்ல, மிளகாயின் காரச் சத்து எதைத் தொட்டு எரிய வைக்கிறது என்பதை. கடைசியில் மிளகாயும் நெருப்பும் ஒரே மதகைத் தட்டுவது தெரிந்தது. நாம் இரண்டையுமே 'எரியுது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். 2021இல் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும், தொடு உணர்ச்சிக்கான மதகைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் போனது. (குளிருக்கு வேறு மதகு. தைலம் தடவினால் சில்லென்று இருப்பது மெந்தால் அதைத் திறப்பதால்தான்; தோல் ஒன்றும் குளிர்ந்துவிடுவதில்லை.)

சரி, உங்கள் அப்பா விஷயத்துக்கு வருவோம். சர்க்கரை நெடுநாள் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால், நீளமான நரம்புகளின் கடைசி நுனிதான் முதலில் கெடும். கடைமடைக்குத் தண்ணீர் வராத மாதிரி, கால்விரலில்தான் உணர்ச்சி முதலில் நிற்கும். வெந்நீரின் சூடு குறைவதில்லை, தோல் வேகத்தான் செய்யும். சேதி மட்டும் போய்ச் சேராது. அதே காலில் ராத்திரியானால் காந்தல் எடுக்கவும் செய்யலாம். கெட்டுப்போன நரம்பு பொய்ச் சேதி அனுப்பும்.

நீங்கள் சொல்லும் வரத்தை வாங்கியவர்களின் கதை வேலூரில் இருக்கிறது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் அங்கே சி.எம்.சி.யில் சேர்ந்தார். தொழுநோய் விரல்களை அழுக வைக்கிறது என்று எல்லாரும் நம்பிய காலம். ஒரு நாள், துருப்பிடித்த பூட்டில் அவரால் திருப்ப முடியாத சாவியை தொழுநோய் வந்த ஒரு பையன் சாதாரணமாகத் திருப்பிவிட்டான். கையைப் பார்த்தால் எலும்பு தெரியும் அளவுக்கு விரல் கிழிந்திருக்கிறது. பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னும் சிலர் காலையில் எழுந்தால் விரலில் ஒரு துண்டைக் காணோம். ராத்திரி கண்விழித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, எலி! அதற்குப் பிறகு சிகிச்சை முடிந்து ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள். நரம்பைச் சாகடித்ததோடு நோயின் வேலை முடிந்தது. விரலைக் கொண்டுபோனவை அடுப்பும் கத்தியும் எலியும், கவனிக்காமல் விட்ட புண்ணும்.

பிராண்ட் பின்னாளில் அமெரிக்காவில் செயற்கை வலிக்கு ஒரு கருவி செய்து பார்த்தார். அழுத்தம் மிஞ்சினால் மின்சாரம் சுளீரென்று தாக்கும். தோற்றுப்போனது. ஏன் தெரியுமா? அவசர வேலை என்றால் போட்டிருந்தவர்களே அதை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் அப்பாவுக்கு அணைக்கக்கூட ஒன்றும் இல்லை. இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நைலான் இழை ஒன்றை, வளையும் வரை உள்ளங்காலில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார். 10 கிராம் அழுத்தம்தான், இரண்டு நிமிட வேலை. வெந்நீரில் கால் ஊறவைப்பது இனி வேண்டாம். வீட்டுக்குள்ளும் செருப்பு போடட்டும், போடும் முன் தலைகீழாகத் தட்டிப் பாருங்கள். ராத்திரி படுக்கும் முன் அவர் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். குளிக்கும் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பதும் உங்கள் கையாகவே இருக்கட்டும். "சூடு பத்தலையே" என்பார். கேட்காதீர்கள்.