எத்தனை பவுண்டு ஸ்பிரிங்?

அன்புள்ள ஐயா,

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் இரண்டு ஆண்டுகளாக 25 மீட்டர் பிஸ்டல் பிரிவில், கிளப்புக்குச் சொந்தமான .22 துப்பாக்கியால் சுடுகிறாள். சில மாதங்களாக, வேகமாகச் சுட வேண்டிய ரேபிட் சுற்றில், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழாமல் பாதியில் நின்று சிக்கிக்கொள்கிறது. சுட்டதும் பின்னால் போகும் பாகத்தைத் திரும்ப முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, கனமானதாக மாற்ற வேண்டும் என்று ரேஞ்சில் மூத்தவர் ஒருவர் சொல்கிறார். டெக்சாஸில் இருக்கும் என் அண்ணன் மகனோ, தன் .45 பிஸ்டலில் 16 பவுண்டை எடுத்துவிட்டு 12 பவுண்டு போட்ட பிறகு கை பஞ்சு மாதிரி இருக்கிறது, எப்போதும் இலேசானதுதான் நல்லது என்கிறான். டோக்கியோவில் மனு பாக்கரின் துப்பாக்கி பழுதான காட்சியைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பயம் வேறு. எத்தனை பவுண்டு போடலாம்? இருக்கும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடலாமா, அல்லது கம்பி வாங்கி நானே சுற்றிவிடலாமா? தோட்டாவைப் பற்றவைக்கத் தட்டும் ஹேமரின் ஸ்பிரிங்கையும் இலேசாக்கினால் டிரிகர் மென்மையாகுமா என்று மகள் கேட்கிறாள்.

தங்கள் வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். 2021 ஜூலையில் டோக்கியோவில் மனு பாக்கரின் கையில் பழுதானது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி. அதில் உடைந்தது காக்கிங் நெம்புகோல். காற்றுத் துப்பாக்கியில் வெற்றுக்கூடும் கிடையாது, அதைத் தள்ளிவிடப் பின்னால் போய் வரும் ஸ்லைடும் கிடையாது. ஆகவே அந்தச் சம்பவத்துக்கும் உங்கள் மகளின் சிக்கலுக்கும் உறவில்லை.

மூத்தவரும் உங்கள் அண்ணன் மகனும் ஒரே தவற்றைத்தான் இரு திசைகளில் செய்கிறார்கள். எந்த ரவுண்டுக்காக, அதாவது எந்தத் தோட்டாவுக்காக, அந்த ஸ்பிரிங் என்பதைக் கேட்காமலே இருவரும் பதில் சொல்லிவிட்டார்கள். டெக்சாஸ் கணக்கைப் பாருங்கள். ஐந்து அங்குலக் குழல் கொண்ட .45 பிஸ்டலுக்கு 16 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 7.3 கிலோ, வழக்கமான அளவு. அது 230 கிரெயின் (ஏறத்தாழ 15 கிராம்) குண்டை நொடிக்கு 830 அடியளவில் செலுத்தும் தொழிற்சாலை ரவுண்டுக்காக வைத்தது. அங்கே யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற துப்பாக்கிச் சுடும் சங்கம் நடத்தும் போட்டிகளில் குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்து ‘பவர் ஃபாக்டர்’ என்று ஓர் எண் போடுவார்கள். வீரியம் கூடிய ரவுண்டுக்கான மேஜர் பிரிவுக்கு 165 வந்தால் போதும். தொழிற்சாலை ரவுண்டு 190-ஐ ஒட்டி நிற்பதால், போட்டியாளர்கள் மருந்தைக் குறைத்துத் தாமே ரவுண்டு நிரப்பிக்கொள்கிறார்கள். உதை குறைந்தால் ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளும் விசையும் குறையும். அதற்கேற்ப ஸ்பிரிங்கும் இறங்க வேண்டியதுதான். உங்கள் அண்ணன் மகனும் அப்படி நிரப்பிக்கொள்பவராக இருந்தால், அவருக்கு 12 சரியாக வருவதில் வியப்பில்லை. உங்கள் மகளின் .22 ரவுண்டில் குண்டு 40 கிரெயின்தான், 2.6 கிராம், உந்தத்தைக் கணக்கிட்டால் .45 அதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. அந்த எண்களில் ஒன்றுகூட இங்கே பொருந்தாது.

இயங்கும் முறையும் வேறு. உங்கள் அண்ணன் மகனுடையது, துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் வகுத்த பூட்டுமுறை: குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சிறிது தூரம் சேர்ந்தே பின்னால் போய், பிறகு பிரியும். பார்தினி, வால்டர் போன்ற .22 போட்டித் துப்பாக்கிகளில் பூட்டே கிடையாது. குண்டு குழலை விட்டு வெளியேறும்வரை, அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு நேரம், குழலின் பின்வாயை மூடி நிற்கும் போல்ட்டை நகரவிடாமல் தாமதிக்கச் செய்வது பெரும்பாலும் அதன் சொந்த எடைதான். ஸ்பிரிங்கின் வேலை அதற்குப் பிறகே தொடங்குகிறது: பின்னால் வரும் போல்ட்டின் வேகத்தை வாங்கிக்கொள்வது, பிறகு அடுத்த ரவுண்டை மேகசினிலிருந்து உருவி, குழலின் பின்முனையில் ரவுண்டு அமரும் அறையான சேம்பரில் ஏற்றி முழுதாக மூடுவது. பவுண்டுக் கணக்கை இந்த இரண்டாவது வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது உங்கள் மகளின் சிக்கல். வெற்றுக்கூடு வாயை மேலே காட்டிக்கொண்டு, போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவில் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கிறதல்லவா? போல்ட் போதிய வேகத்தோடு, போதிய தூரம் பின்னால் போகவில்லை என்பதற்கு அதுவே பெரும்பாலும் அடையாளம். அப்படிப்பட்ட துப்பாக்கியில் இன்னும் கனமான ஸ்பிரிங்கைப் போடுவது, மேட்டில் திணறும் வண்டிக்குப் பாரம் ஏற்றுவதுதான். ஸ்பிரிங் உண்மையிலேயே தளர்ந்திருந்தால் கோளாறு வேறு முகத்தோடு வரும்: வெற்றுக்கூடு வெகுதூரம் பறக்கும், போல்ட் பின்னால் போய் மோதும் அதிர்ச்சி உள்ளங்கையில் தெரியும், அடுத்த ரவுண்டு ஏறியும் போல்ட் ஓரிரு மில்லிமீட்டர் மூடாமல் நிற்கும்.

ஆனாலும் ஸ்பிரிங்கைத் தொடுமுன் மற்றவற்றைப் பார்த்துவிடுங்கள். .22 குண்டின்மேல் பூசிய மெழுகும் எரியாத மருந்துத் தூளும் சேர்ந்து சேம்பர் வாயிலும், வெற்றுக்கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியிலும் கறுப்புக் களிம்பாக இறுகிக்கொள்ளும்; அதைச் சுரண்டி எடுத்த அன்றே பாதிப் புகார்கள் மறைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது, சில மாதங்களுக்கு முன் ரவுண்டின் வகை மாறியதா என்று கேளுங்கள். நம் கிளப்புகளில் கையிருப்பைப் பொறுத்து இந்த மாதம் ஒரு வகை, அடுத்த மாதம் வேறொன்று என்று வருவது வழக்கம். முன்னது சற்றே வீரியமாக இருந்து இப்போதையது மென்மையாக இருந்தால், துப்பாக்கியில் எதுவும் மாறாமலே சிக்கல் தொடங்கிவிடும். மூன்றாவது மணிக்கட்டு. மூன்று நொடிக்குள் கையை உயர்த்திச் சுடும் பதற்றத்தில் பிடி தளர்ந்தால், துப்பாக்கியே பின்னோக்கிப் போய் போல்ட்டின் ஓட்டத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். நிதானச் சுற்றில் வராத சிக்கல் ரேபிட்டில் மட்டும் வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், என் ஐயம் அதிகமாக விழுவது இங்கேதான்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சிக்கல் தொடர்ந்தால், ஸ்பிரிங்கின் முறை வருகிறது. ‘இத்தனை பவுண்டு’ என்று உறையில் அச்சிட்டிருப்பது, ஸ்லைடு முழுதும் பின்னால் போயிருக்கும் நிலையில் அந்த ஸ்பிரிங் தரும் எதிர்விசை. மூடிய நிலையில் எவ்வளவு விசை மிச்சமிருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. ஒரே எண் போட்ட இரண்டு ஸ்பிரிங்குகள், ஒன்று நீளமாகவும் மெலிந்தும் மற்றொன்று குட்டையாகவும் விறைத்தும் இருந்தால், கையில் இரண்டு விதமாகவே நடந்துகொள்ளும்.

சுற்றை வெட்டுவது பற்றிக் கேட்டீர்கள். பட்டறைக்காரரான உங்களுக்குக் கணக்காகவே சொல்லிவிடலாம். உதாரணத்துக்கு, 90 மி.மீ. நீளத்தில் 15 சுற்றுகள் கொண்ட ஸ்பிரிங் ஒன்று, துப்பாக்கி மூடியிருக்கையில் 60 மி.மீ. ஆகவும், முழுதும் திறக்கையில் 40 மி.மீ. ஆகவும் அமுங்குகிறது என்று வையுங்கள். ஒரு சுற்றை வெட்டினால் நீளம் 84 ஆகும்; சுற்று குறைந்ததால் விறைப்போ சுமார் 7 சதவீதம் கூடும். முழுதும் திறந்த நிலையில் விசை 6 சதவீதம் குறைகிறது. மூடிய நிலையில் 14 சதவீதம் குறைகிறது. போல்ட்டைக் கடைசி இரண்டு மில்லிமீட்டர் தள்ளி மூடுவதற்குத் தேவையான விசையைத்தான் நீங்கள் அதிகமாக வெட்டி எறிந்திருப்பீர்கள். இதைக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளும் அறிவு எனக்கு அந்தக் காலத்தில் இல்லை. என் .32 சென்டர் ஃபயர் பிஸ்டலுக்கென வாங்கி வைத்திருந்த மாற்று ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை நறுக்கிவிட்டு, உதை குறைந்துவிட்டதாகப் பத்து நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள், பத்து நொடிச் சுற்றில் மூன்றாவது ரவுண்டு பாதி ஏறி நின்றது. வெட்டிய முனை வழிகாட்டிக் கம்பியில் கீறி வைத்திருந்த கோட்டை வீட்டுக்கு வந்து நகத்தால் தடவிப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

நீங்களே சுற்றுவதற்கும் என் பதில் வேண்டாம் என்பதே. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் படியோடு ஏறும். மற்ற அளவுகள் அப்படியே இருக்க, 0.9 மி.மீ. கம்பிக்குப் பதில் 1 மி.மீ. போட்டால் 50 சதவீதத்துக்கும் மேலே போய்விடும். திறமையை ஒதுக்கிவைத்துவிட்டாலும் சட்டம் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, துப்பாக்கியைச் செய்வதற்கும் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. அதோடு இது கிளப்பின் உடைமை. தயாரித்த நிறுவனத்தின் ஸ்பிரிங்கை உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாக வரவழைத்து, கிளப்பின் ஆர்மரர், அதாவது துப்பாக்கிகளைப் பராமரிப்பவர், கையால் மாற்றுவதே வழி.

உங்கள் கைத்திறன் அளவெடுப்பதற்கு உதவும். வழக்கமாகத் துடைக்கப் பிரிக்கும்போது, பயிற்சியாளர் முன்னிலையில் பழைய ஸ்பிரிங்கின் நீளத்தை வெர்னியரில் எடுத்து, புதியதோடு ஒப்பிடுங்கள். சமையலறைத் தராசின்மேல் நிறுத்தி இரண்டையும் ஒரே நீளத்துக்கு அமுக்கினால் வேறுபாடு கிராமிலேயே தெரியும். நம் ஊர்க் கடற்காற்றுக்கு கார்பன் எஃகுக் கம்பியில் துருப்புள்ளி விழ ஒரு மழைக்காலம் போதும். கம்பி முறிவது அந்தப் புள்ளியிலிருந்துதான் தொடங்கும். புள்ளி கண்ட ஸ்பிரிங்கை நீளம் பார்க்காமலே தள்ளிவிடுங்கள்.

எத்தனை பவுண்டு என்பதை ரேஞ்சில்தான் முடிவு செய்ய வேண்டும். நிறுவனம் வைத்த அளவிலிருந்து தொடங்கி, போட்டியில் சுடப்போகும் ரவுண்டையே எடுத்து, மேகசினில் ஒன்றே ஒன்றை மட்டும் போட்டுச் சுடச் சொல்லுங்கள். காலி மேகசினில் போல்ட் திறந்து நிற்கும் அமைப்பு உள்ள துப்பாக்கியானால், ஒவ்வொரு முறையும் அது நிற்க வேண்டும். துடைத்த துப்பாக்கியில் பத்து முறை, பயிற்சி முடிந்து அழுக்கேறிய பிறகு பத்து முறை. நிற்கத் தவறினால் ஒரு படி இலேசானது. முழுதாக மூடத் தவறினால் ஒரு படி கனமானது. இரண்டும் தவறாத எல்லைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பிரிங்குகள் அமைந்தால், சுட்டபின் சைட் எங்கே திரும்பி வந்து நிற்கிறது என்று மகள் பார்க்கட்டும். கனமானது துப்பாக்கியின் மூக்கைக் கீழே குத்தவைக்கும். இலேசானது மேலேயே சற்று மிதக்கவிடும். ஆனால் அவளுடைய பிரிவில் ரேபிட் சுற்று என்பது ஒரு தடவைக்கு ஒரே குண்டு. இடையில் ஏழு நொடி கை தாழ்ந்திருக்கிறது. பத்து நொடியில் ஐந்து சுடும் ஸ்டாண்டர்ட் பிஸ்டலுக்கும், நான்கு நொடியில் ஐந்து இலக்குகளைத் தொடும் ரேபிட் ஃபயருக்கும் இந்த நுணுக்கம் பொன். அவளுக்கு அது அவ்வளவு பெரிதல்ல. அதனால் எல்லையின் ஓரத்துக்குப் போகாமல் நடுவில் நிற்பதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். கடலூர் மே மாத வெயிலில் விளிம்பில் நின்று வேலை செய்யும் துப்பாக்கி, டெல்லி துக்ளகாபாத் ரேஞ்சின் டிசம்பர் காலையில், எண்ணெயும் மெழுகும் கெட்டிப்பட்டிருக்கும் வேளையில், விளிம்புக்கு அப்பால் விழுந்துவிடும்.

ஹேமர் ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம். .22 ரவுண்டின் தீமருந்து விளிம்புக்குள் இருக்கிறது; அடி வலுவிழந்தால் சில ரவுண்டு பற்றாது, பற்றியவற்றிலும் வேகம் ஒன்றுபோல் வராது. ஹேமரைப் பின்தள்ளும் சுமையும் போல்ட்டின் தடையில் ஒரு பகுதி என்பதால், அதை மாற்றினால் ரீகாயில் ஸ்பிரிங்கின் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டிவரும். 25 மீட்டர் பிஸ்டலில் டிரிகர் 1000 கிராம் எடையைத் தூக்கியே ஆக வேண்டும். உபகரணச் சோதனையில் அது தூக்காவிட்டால் அந்தத் துப்பாக்கியோடு களத்தில் இறங்க முடியாது. 1000-க்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று சோதனை எடையைத் தொங்கவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மிகையாக நின்றால், அதைக் குறைக்க டிரிகரிலேயே திருகு இருக்கிறது. அந்தத் திருகையும் ஆர்மரரே திருப்பட்டும்.

பழைய ஸ்பிரிங்கின் நீளத்தையும், இப்போது சுடும் ரவுண்டின் பெயரையும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி