ஊரில் நாலு சங்கம், நாலு பட்டியல்: பொதுப் பிரச்சினை எது?

கேள்வி: எங்கள் ஊராட்சியில் மகளிர் குழுக் கூட்டமைப்பு, பாசனச் சங்கம், பள்ளி மேலாண்மைக் குழு, இளைஞர் மன்றம் எல்லாம் இருக்கின்றன. சேர்ந்து உட்கார்ந்தால் ஆளுக்கொரு கோரிக்கைப் பட்டியலை நீட்டுகிறார்கள். ஊருக்குப் பொதுவான பிரச்சினையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 'என்ன வேண்டும்?' என்று கேட்டிருப்பீர்கள். அப்படிக் கேட்டால் நாடகமேடை, சமுதாயக்கூடம், சிமென்ட் ரோடு என்றுதான் வரும். 'எந்த மாதம், எந்த இடத்தில், யாருக்குக் கஷ்டம்?' என்று கேளுங்கள். அதையும் முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லாரையும் சேர்த்து உட்காரவைத்தால் தலைவர்கள் பேசுவார்கள், மகளிர் குழுவினர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்புறம் பள்ளிக்கூட வளாகத்தில், தரையில் கோலமாவால் ஊர் வரைபடம் போடுங்கள். கோயில் மண்டபம் வேண்டாம். அங்கே வரத் தயங்குபவர்கள் பல ஊர்களில் உண்டு. அவரவர் கஷ்டத்தை அந்தந்த இடத்தில் ஒரு கல்லாக வைக்கட்டும்.

சிவகங்கைப் பக்கம், கண்மாயை (பாசன ஏரியை) நம்பியிருக்கும் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்வோம். கடைமடைக்கு, அதாவது கால்வாயின் கடைசியில் இருக்கும் வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்பார் பாசனச் சங்கத்துக்காரர். பங்குனி வந்தால் அடிபம்பில் காற்றுதான் வருகிறது என்பார்கள் மகளிர் குழுவில். அதே பங்குனியில் பெண்பிள்ளைகள் தாமதமாக வருகிறார்கள் என்று பள்ளிக் குழு சொல்லும். மூன்றும் வேறு வேறாகத் தெரியும். எல்லாரும் சேர்ந்து வரத்துக்கால்வாயோரம் நடந்து பாருங்கள். சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால், மழைத்தண்ணீர் கண்மாய்க்கே வந்து சேராது. கண்மாய் நிறையாவிட்டால் சுற்றுக்கிணறுகளில் ஊற்று குறையும், அடிபம்பும் காயும், பிள்ளைகள் குடத்தோடு அலைவார்கள். நீர்பாய்ச்சியாக (வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் திறந்துவிடுபவராக) இருந்த பெரியவர் யாராவது இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். எந்த இடம் எப்போது தூர்ந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

எல்லாக் கஷ்டமும் இப்படி ஒரே இடத்தில் போய் முடியாது. மிச்சமிருப்பதில் எது முதலில் என்று முடிவு செய்யப் புளியங்கொட்டை போதும்: ஆளுக்கு ஐந்து கொட்டை, எதற்கு எத்தனை என்று அவரவர் வைக்கட்டும். தலைவருக்கும் அதே ஐந்துதான்.

முடிவைக் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். தமிழ்நாட்டில் 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டு, ஆண்டுக்கு 6 கிராம சபை என்றானது. தீர்மானத்தின் நகல் யாருக்குப் போக வேண்டும் என்பதையும் முன்பே பார்த்துவையுங்கள். ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்குக் குறைவான கண்மாய் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டது நீர்வளத்துறையுடையது.