தலை, கழுத்துப் புற்றுநோய்: பரிசோதனை அறிக்கைகள் முன்கூட்டிச் சொல்வது என்ன?

வாய், தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் தோன்றும் புற்றுநோய் பற்றி வந்த கடிதங்களில், நோயின் போக்கை முன்கூட்டிக் காட்டும் உயிரியல் குறிகாட்டிகளைக் குறித்துக் கேட்டவர்களுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: என் தந்தைக்கு நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் என்று கண்டறிந்துள்ளனர். பயாப்சி அறிக்கையில் ‘பி16 பாசிட்டிவ்’ என்று இருப்பதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் கலங்கிவிட்டோம். மருத்துவரோ அது ஆறுதலான செய்தி என்கிறார். எப்படி?

பதில்: மருத்துவர் சொன்னது சரி. நாக்கின் அடிப்பகுதி, டான்சில், மென்அண்ணம் ஆகியவை அடங்கிய வாய்த்தொண்டைப் பகுதியில் புற்றுநோய் இரண்டு வழிகளில் உருவாகிறது. ஒன்று, புகையிலையும் மதுவும் பல ஆண்டுகளாகச் செல்களின் மரபணுக்களைச் சிதைப்பது, மற்றொன்று, ஹெச்.பி.வி. எனப்படும் மனித பாப்பிலோமா வைரஸ், பெரும்பாலும் அதன் 16ஆம் வகை, செல்லுக்குள் நிலைத்துத் தங்கிவிடுவது. இடம் ஒன்றே என்றாலும், சிகிச்சைக்கு இணங்கும் விதத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள் என்றே கருத வேண்டும்.

செல் கட்டுப்பாடின்றிப் பிரிந்துவிடாமல் ஆர்.பி. என்னும் புரதம் கடிவாளமாக இருந்து தடுக்கிறது. வைரஸின் ஈ7 புரதம் அந்தக் கடிவாளத்தை அறுத்துவிடும்போது, அதுவரை அடங்கியிருந்த பி16 புரதம் செல்லுக்குள் பெருமளவில் சேர்கிறது. ஆகவே, புற்றுச்செல்களில் குறைந்தது 70 சதவீதம் பி16 சாயத்தை மிதமாகவோ அழுத்தமாகவோ ஏற்றிருந்தால், வைரஸ் அங்கே வேலை செய்திருக்கிறது என்பதற்கான மறைமுகச் சான்றாக நோய்க்குறியியல் மருத்துவர் அதைக் கொள்கிறார். வைரஸால் வந்த கட்டிகளில் பழுதான செல்லை அழியவைக்கும் பி53 மரபணு பெரும்பாலும் சிதையாமல் இருக்கிறது. அவை கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் நன்றாக இணங்குவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

2010ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. முற்றிய வாய்த்தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டின் என்னும் கீமோதெரபி மருந்தும் பெற்றவர்களில், வைரஸ் காணப்பட்டவர்களில் 82 சதவீதத்தினர் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் உயிருடன் இருந்தனர். வைரஸ் இல்லாதவர்களில் அந்த விகிதம் 57 சதவீதமே. இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்றால், நோயின் நிலைகளை வகுக்கும் உலகப் பொது முறையின் 8ஆம் பதிப்பு, பி16 பாசிட்டிவ் நோய்க்குத் தனி அட்டவணையே வகுத்துவிட்டது. சிறிய கட்டியும், கழுத்தின் அதே பக்கத்தில் நோய் பரவிய, 6 செ.மீ.க்கு மிகாத பல நெறிகட்டிகளும் (நிணநீர்க் கணுக்களும்) கொண்ட ஒருவர், முன்பு நான்காம் நிலை நோயாளி எனப்பட்டார். இன்று அதே அளவுள்ள நோய், பி16 பாசிட்டிவ் என்றால், முதல் நிலையாகிறது.

இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே 2010 ஆய்வில், வைரஸ் இருந்தும் நீண்ட காலம் புகைபிடித்தவர்களில், கழுத்து நெறிகட்டிகளில் நோய் அதிகம் பரவியிருந்தவர்களுக்குப் பலன் குறைந்து, மூன்றாண்டு உயிர்வாழ்வு 71 சதவீத அளவிலேயே நின்றது. உங்கள் தந்தை புகைப்பவராயின், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று, பி16 மறைமுகச் சான்று என்பதால் சில சமயம் தவறவும் செய்கிறது. பல நாடுகளின் நோயாளிகளை ஒருங்கே திரட்டி 2023இல் வெளியான பகுப்பாய்வில், ஏறத்தாழ 9 சதவீதத்தினரிடம் பி16 முடிவும் வைரஸ் பரிசோதனை முடிவும் ஒத்துப்போகவில்லை. இரண்டும் பாசிட்டிவாக இருந்தவர்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 81 சதவீதம். பி16 மட்டும் பாசிட்டிவாக இருந்தவர்களுக்கு 55 சதவீதம். வசதி இருக்கும் இடத்தில், வைரஸின் மரபுப் பொருளையும் நேரடியாகத் தேடிப் பார்ப்பது நல்லது என்பதே என் கருத்து.

கேள்வி: என் கணவருக்கும் டான்சிலில் அதே வகை நோய்தான். இவ்வளவு நன்றாகக் குணமாகும் நோய் என்றால், கடுமையான பக்கவிளைவுகள் தரும் சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாக இலகுவான மருந்து கேட்கலாமா?

பதில்: இந்தக் கேள்வியை மருத்துவ உலகமே கேட்டது, அதற்குக் கிடைத்த விடை நாங்கள் எதிர்பார்த்ததாக இருக்கவில்லை. காது கேளாமை, சிறுநீரகப் பாதிப்பு, ஓயாத வாந்தி ஆகியவற்றைத் தவிர்க்கலாம் என்ற நம்பிக்கையில், சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாக, புற்றுச்செல்லின் ஒரு புரதத்தைக் குறிவைத்துத் தாக்கும் செடுக்சிமாப் என்னும் மருந்தைக் கொடுத்து இரண்டு பெரிய ஆய்வுகள் நடத்தப்பட்டன. இரண்டின் முடிவுகளும் 2018இன் இறுதியில் வெளிவந்தன. ஒன்றில், ஈராண்டு உயிர்வாழ்வு சிஸ்பிளாட்டின் பெற்றவர்களுக்கு 97.5 சதவீதமாகவும் செடுக்சிமாப் பெற்றவர்களுக்கு 89.4 சதவீதமாகவும் இருந்தது. மற்றதில், ஐந்தாண்டு உயிர்வாழ்வு முறையே 84.6, 77.9 சதவீதம். கடுமையான பக்கவிளைவுகளின் ஒட்டுமொத்த அளவிலும் எதிர்பார்த்த நிம்மதி கிடைக்கவில்லை.

இதிலிருந்து ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். கீழே உள்ள எல்லாப் பதில்களுக்கும் இதுவே அடிப்படை. ஒரு குறிகாட்டி, நோய் எப்படிப் போகும் என்று சொல்வது வேறு. எந்தச் சிகிச்சையால் யாருக்குப் பயன் என்று சொல்வது வேறு. பி16 முதலாவதை மிக நன்றாகச் செய்கிறது. ஆனால், உரிய சிகிச்சையை முழுமையாகப் பெற்றவர்களிடம் கண்ட நல்ல பலனைச் சிகிச்சையைக் குறைத்தாலும் பெறலாம் என்று அது உறுதி சொல்வதில்லை. அத்தகைய முயற்சியை, முறையான மருத்துவ ஆய்வில் கண்காணிப்புடன் சேர்ந்தாலொழிய, நீங்களாகக் கேட்டுப் பெற வேண்டாம். சிறுநீரகமோ செவியோ ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால் அது தனிக் காரணம். அப்போது மாற்று மருந்தைப் பற்றி மருத்துவரே பேசுவார்.

கேள்வி: என் அம்மாவுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய்; அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. மருத்துவமனையில் பி16 பரிசோதனை செய்யவில்லை. நாங்களே வெளியில் கொடுத்துச் செய்துகொள்ளலாமா?

பதில்: தேவையில்லை. கன்னம், ஈறு, நாக்கின் முன்பகுதி ஆகிய வாய்க்குழிப் புற்றுநோய்களில் ஹெச்.பி.வி.யின் பங்கு மிகச் சிறியது. வைரஸ் இல்லாமலேயே பி16 பாசிட்டிவாக வரவும் கூடும். முடிவு எப்படி வந்தாலும், அதைக் கொண்டு அம்மாவின் சிகிச்சையில் எதையும் மாற்ற மாட்டார்கள்.

அவருடைய அறிக்கையில் நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் ஊடுருவியிருக்கிறது, வெட்டி எடுத்த விளிம்புகளில் புற்றுச்செல்கள் உள்ளனவா, கழுத்து நெறிகட்டியின் உறையைக் கிழித்துக்கொண்டு நோய் வெளியே வந்திருக்கிறதா என்ற மூன்றும் மூலக்கூறு அறிவியலின் பளபளப்பு இல்லாதவை. ஆனால் இன்றும் சிகிச்சையைத் தீர்மானிப்பவை இவைதாம். ஆழம் 5, 10 மில்லிமீட்டர் எல்லைகளைத் தாண்டும்போது கட்டியின் நிலை மாறுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்து 2004இல் வெளியான இரு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அறுவைக்குப் பின் கதிர்வீச்சுடன் சிஸ்பிளாட்டினையும் சேர்ப்பதால் தெளிவான பயன் கிடைத்தது விளிம்பில் நோய் எஞ்சியவர்களுக்கும் உறையைக் கிழித்து நோய் வந்தவர்களுக்கும்தான். போக்கையும் சொல்லி, சிகிச்சைக்கும் வழிகாட்டும் குறிகள் என்றால் இவையே.

பி53 மரபணுப் பரிசோதனை பற்றியும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். அந்தப் புரதத்தின் அமைப்பைக் குலைக்கும் மரபணு மாற்றங்கள் உள்ளவர்களின் உயிர்வாழ்வு குறைவு என்று 2007இல் ஒரு முக்கியமான ஆய்வு காட்டியது உண்மை. ஆனால், வைரஸ் தொடர்பில்லாத தலை, கழுத்துப் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவற்றில் பி53 மாறியே இருக்கிறது. அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் மருந்தும் இந்த நோயில் வழக்கத்துக்கு வரவில்லை. எனவே அதற்காகச் செலவிட வேண்டாம்.

கேள்வி: நோய் திரும்பி வந்து நுரையீரலுக்குப் பரவிய என் அண்ணனின் அறிக்கையில் ‘சி.பி.எஸ். 12’ என்று உள்ளது. 20க்குக் கீழே இருப்பதால் நோயெதிர்ப்பு மருந்து பயன்படாது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

பதில்: அப்படி இல்லை. நோயெதிர்ப்புத் தாக்குதலை அடக்கும் பி.டி.-எல்1 என்னும் புரதத்தைத் தாங்கிய புற்றுச்செல்களையும் நோயெதிர்ப்புச் செல்களையும் சேர்த்து எண்ணி, அதை உயிருள்ள புற்றுச்செல்களின் மொத்த எண்ணிக்கையால் வகுத்து, 100ஆல் பெருக்கினால் கிடைப்பதே இந்த எண். 2019இல் முழுமையாக வெளியான ஆய்வில், பெம்ப்ரோலிசுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்தை மட்டும் பெற்றவர்களை, செடுக்சிமாபும் கீமோதெரபியும் சேர்த்துப் பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். சி.பி.எஸ். 20 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களின் இடைநிலை உயிர்வாழ்வு 14.9 மாதம், ஒப்பீட்டுக் குழுவினருக்கு 10.7 மாதம், 1 அல்லது அதற்கு மேல் இருந்த எல்லோரையும் சேர்த்தால் 12.3 மாதம், 10.3 மாதம். அதாவது 1 என்பதே மருந்தைத் தனியாகக் கொடுப்பதற்கான வாசல். எண் கூடக்கூடப் பயன் கூடுகிறதே தவிர, 20இல் ஒரு சுவர் இல்லை. நோய் வேகமாக வளர்ந்து தொல்லை தருமானால், கீமோதெரபியையும் உடன் சேர்ப்பதைப் பற்றி மருத்துவர் யோசிப்பார்.

இடைநிலை என்பதையும் விளக்கிவிடுகிறேன்: நோயாளிகளில் பாதிப் பேர் அந்தக் கால அளவைக் கடந்து வாழ்ந்தார்கள் என்பதே அதன் பொருள், அது உங்கள் அண்ணனுக்கு யாரும் குறித்துக் கொடுத்த கெடு அல்ல. தவிர, ஒரே கட்டியின் வெவ்வேறு பகுதிகளில் இந்த எண் வேறுபடுவது உண்டு. மிகச் சிறிய திசுத் துணுக்கில் பார்த்த முடிவு என்றால், வேறு மாதிரியில் திரும்பப் பார்க்கலாமா என்று கேட்பதில் தவறில்லை.

கேள்வி: புதிய புற்றுநோய்க் குறிகாட்டி கண்டுபிடிப்பு என்று அடிக்கடி செய்தி வருகிறது. அவற்றில் பெரும்பாலானவை மருத்துவமனைக்கு வராதது ஏன்?

பதில்: சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளிடம், முடிவு தெரிந்த பிறகு எல்லைக்கோட்டை வரைந்தால், ஏறக்குறைய எந்தப் புரதத்தையும் குறிகாட்டியாகக் காட்டிவிட முடியும். வேறொரு குழுவிடம் அதே எல்லைக்கோட்டைப் பொருத்தும்போது பல மறைந்துவிடுகின்றன. இத்தகைய ஆய்வுகளை எப்படி வெளிப்படையாக அறிக்கையிட வேண்டும் என்று 2005இல் ‘ரீமார்க்’ என்ற பெயரில் வழிகாட்டு நெறிகள் வெளியிடப்பட்டதே, இந்தக் குறை எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்குச் சாட்சி. இன்னொரு காரணமும் உண்டு: நோயின் போக்கைச் சொல்லும் குறி, சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க உதவாமல் போகலாம். செல் வளர்ச்சியைத் தூண்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் புரதம் மிகுந்த கட்டிகள் பொதுவாக மோசமாக நடந்துகொள்கின்றன; செடுக்சிமாப் தாக்குவதும் அதே புரதத்தைத்தான். அப்படியிருந்தும், அப்புரதத்தின் அளவைக் கொண்டு அந்த மருந்தால் யாருக்குப் பயன் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கேள்வி: ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துகொள்ள வழி இல்லையா?

பதில்: மூக்குத்தொண்டைப் புற்றுநோயில் இருக்கிறது. அது பெரும்பாலும் எப்ஸ்டீன்-பார் வைரஸோடு பிணைந்த நோய். கட்டியிலிருந்து உதிரும் வைரஸ் டி.என்.ஏ.வை ரத்தத்தின் பிளாஸ்மாவில் அளக்கலாம். ஹாங்காங்கில் அறிகுறி ஏதுமற்ற ஏறத்தாழ 20,000 ஆண்களைப் பரிசோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, நோயை மிகத் தொடக்கத்திலேயே பிடிக்க இது உதவும் என்று காட்டியது. சிகிச்சை முடிந்த பிறகும் அந்த அளவு மறையாவிட்டால், நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். வாய்த்தொண்டைப் புற்றுநோயில் ஹெச்.பி.வி. டி.என்.ஏ.வையும் இதே போல ரத்தத்தில் அளந்து, நோய் திரும்புவதை முன்னதாக அறியும் முறை நம்பிக்கை தருகிறது. ஆனால் அந்த முடிவை மட்டும் வைத்துச் சிகிச்சையை மாற்றும் கட்டம் இன்னும் வரவில்லை. வைரஸ் தொடர்பில்லாத வாய்ப் புற்றுநோய்க்கு இதற்கு நிகரான ரத்தப் பரிசோதனை வழக்கத்தில் இல்லை. அங்கே, குறித்த தேதியில் தவறாமல் சென்று வாயையும் கழுத்தையும் மருத்துவரிடம் காட்டுவதும், ஐயம் எழுந்தால் ஸ்கேனும் பயாப்சியும் செய்துகொள்வதுமே வழி.