ஐடியை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் மன அழுத்தம் குறையுமா?

கேள்வி: ஐடி வேலையில் பிரஷர் தாங்க முடியவில்லை. மன அழுத்தம் குறைவாக இருக்கும் வேலை எது? மற்ற வேலைகளில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ். அப்பா டவுன் பஸ் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். சித்தி மகள் ஜவுளிக்கடையில் சேல்ஸில் இருக்கிறாள். ஹாஸ்டலில் என்னோடு தங்கியிருந்த தோழி ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் மீனவர் வீட்டுப் பெண். இவர்களை வைத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடியும். வேலையின் பெயரை வைத்து அழுத்தத்தை அளக்க முடியாது. பொறுப்பெல்லாம் உங்கள் தலையில் இருந்து, முடிவெடுக்கிற உரிமை வேறு யார் கையிலோ இருந்தால், அது எந்த வேலையானாலும் ஆளைத் தின்றுவிடும்.

ஐசியூ என்றதும் "எப்படிம்மா தினமும் சாவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய்" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஒரு நோயாளிக்கு இதயம் நின்றுபோனால் என்ன நடக்கும் தெரியுமா? ஒருவர் நெஞ்சை அழுத்துவார், ஒருவர் அட்ரினலின் ஏற்றுவார், ஒருவர் மூச்சுப் பையை அழுத்துவார், ஒருவர் நேரம் குறிப்பார். யாரும் யாரையும் கத்த வேண்டியதில்லை, அவரவர் வேலை அவரவருக்குத் தெரியும். ஆள் பிழைக்காமல் போனால் மனசு கனக்கும், அழக்கூடச் செய்வோம், ஆனாலும் செய்ய வேண்டியதைச் செய்தோம் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வரும்.

தூக்கம் வராத நாள் வேறு, என்னை வார்டு டூட்டிக்குப் போடும் நாள் அது. காலை பத்து மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸில் "இன்றைக்கு வார்டிலிருந்து வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து அப்ரூவல் வர வேண்டும், பில்லிங்கில் கணக்கு முடிய வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். இதில் எதுவுமே என் கையில் இல்லை. ஆனால் நோயாளியின் மகன் மதியம் ஒரு முறை, மூன்று மணிக்கு ஒரு முறை, ஐந்து மணிக்கு இன்னொரு முறை வந்து கத்துவது என்னிடம்தான், ஏனென்றால் யூனிஃபார்மில் அங்கே நிற்பவள் நான். அவருக்கு வெளியே வாடகை வண்டி வெயிட்டிங்கில் நிற்கிறது, அவர் கோபமும் நியாயம். நான் பில்லிங்குக்கு ஃபோன் அடித்தால் "சிஸ்டர், வந்ததும் சொல்றோம்" என்று வைத்துவிடுவார்கள். இப்படி ஒரு நாள் போனால் உடம்பில் ஒரு வேலையும் செய்யாத மாதிரி இருக்கும், மண்டை மட்டும் வெடிக்கும்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1979இல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் இதைத்தான் சொன்னார்: வேலைச்சுமை அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று முடிவு செய்யும் சுதந்திரம் குறைவாக இருந்தால்தான் ஆள் சீக்கிரம் உடைகிறார். லண்டனில் அரசு ஊழியர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வுகளும் அதே பக்கம்தான் கை காட்டின. பெரிய முடிவுகளை எடுக்கும் மேலதிகாரிகளுக்குத்தான் மாரடைப்பு அதிகம் வரும் என்று நினைத்திருந்தார்கள், ஆனால் கீழ்மட்ட ஊழியர்கள்தான் அதிகம் இறந்தார்கள். புகை பிடிப்பது, ரத்த அழுத்தம் இதையெல்லாம் கழித்துப் பார்த்தபிறகும் வித்தியாசம் முழுசாகப் போகவில்லை.

அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ரூட்டில் ஒரு நடைக்கு இத்தனை நிமிடம் என்று யாரோ எப்போதோ போட்டு வைத்தது. அதற்குப் பிறகு அந்த ரோட்டில் மேம்பால வேலை வந்தது, இரண்டு பெரிய பள்ளிக்கூடங்கள் வந்தன, பைக்குகள் பெருகின, ரன்னிங் டைம் மட்டும் அப்படியே இருந்தது. லேட்டாக வந்தால் டைம் கீப்பர் கேட்பார். விரட்டி ஓட்டினால் வயசானவர்கள் திட்டுவார்கள். படியில் தொங்குகிற பையன் விழுந்தால் கேஸ் டிரைவர் மேல். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வரவில்லை என்றால் அதற்குத் தனி விசாரணை, வண்டி எவ்வளவு பழசு என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்றுக்குப் போக இறங்கினால் அடுத்த நடை தள்ளிப்போகும் என்பதால் டூட்டியில் தண்ணீரே குடிக்க மாட்டார். வீட்டுக்கு வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் அரைமணி நேரம் வாசல் படியில் உட்கார்ந்திருப்பார், அம்மா எங்களை அந்தப் பக்கம் போகவிட மாட்டார்.

1953இல் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் லண்டன் மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு, டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று எழுதினார். கண்டக்டர் நாள் முழுக்கப் படி ஏறி இறங்குகிறார், டிரைவர் உட்கார்ந்தே இருக்கிறார் என்பது அவர் சொன்ன காரணம். அது சரிதான். அப்பாவைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த சீட்டில் மாட்டிக்கொண்ட மனசுக்கும் அதில் பங்கு இருக்கும் என்று தோன்றும்.

சித்தி மகள் கதை சின்னது. காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே புடவை பிரித்துக் காட்ட வேண்டும், ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. கேரளாவில் இதற்கு எதிராகக் கோழிக்கோட்டில் பெண்கூட்டு அமைப்பின் விஜி போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடி, 2018இல் சட்டம் வந்தது. 2021இல் தமிழ்நாட்டிலும் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அவள் கடையில் ஸ்டூல் வந்துவிட்டது. ஆனால் சூப்பர்வைசர் பார்வை படும் இடத்தில் யாரும் உட்காருவதில்லை. அவளுக்குக் கால் வலியைவிட அந்தப் பார்வைதான் பெரிய பாரம்.

தங்கச்சிமடத்துத் தோழி வீட்டில் நிலைமை இன்னும் கடினம். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், அந்த ராத்திரிகளில் அவள் அம்மா ஃபோனை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டுதான் படுப்பார். இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்றால் முதலில் வருவது வாட்ஸ்அப்பில் படகு நம்பர். ஆட்கள் பெரும்பாலும் கோர்ட் முடிந்து வந்துவிடுவார்கள், படகு பல நேரம் வருவதே இல்லை, ஆனால் அதற்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஓடும். போதாக்குறைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எதையும் இவர்களால் முடிவு செய்ய முடியாது, கொழும்பும் டெல்லியும் பேச வேண்டிய விஷயம். அவள் அப்பாவைப் பிடித்த அன்று விடிவதற்குள் தெருப் பெண்கள் எல்லோரும் வீட்டில் இருந்தார்களாம். அடுப்பு பற்ற வைக்கவே விடவில்லை, யாரோ குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், யாரோ மனு எழுதக் கூட்டிக்கொண்டு போனார்கள். "கவலைப்படாதே" என்று ஒருத்தரும் சொல்லவில்லை என்று அவள் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர்கள் வீட்டிலும் இது நடந்திருக்கிறது, அதனால் வெறும் ஆறுதல் தேவைப்படவில்லை.

எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள், நான் பார்த்தவரை இப்படித்தான். நாங்கள் ஷிஃப்ட் மாறும்போது உடை மாற்றும் அறையில் பத்து நிமிடம் கொட்டித் தீர்ப்போம். வீட்டில் சொன்னால் "வேலையை விட்டுடு" என்பார்கள், கூட வேலை பார்க்கிற சிஸ்டரிடம் சொன்னால் "அந்த ஒன்பதாம் நம்பர் பெட்டா?" என்று கேட்பாள், அதுவே போதும். அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் நிறையப் பேர் இரவு குடித்துவிட்டுத்தான் படுப்பார்கள். குடித்தால் தூக்கம் சீக்கிரம் வருவது உண்மை, ஆனால் நடுராத்திரி கலைந்துவிடும், மறுநாள் படபடப்பு கூடும், அதோடு ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். ஆண்கள் அழுதால் கேவலம் என்று வளர்த்த ஊரில் வேறு வழி தெரியாமல் போனவர்கள் அவர்கள், எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை.

எங்கள் மருத்துவமனையில் அழுத்தம் குறைய என்று யோகா வகுப்பு வைத்தார்கள். நல்லதுதான், முதுகு வலி குறைந்தது. ஆனால் வார்டில் கத்தல் நின்றது வேறு காரணத்தால்: டிஸ்சார்ஜ் விவரம் சொல்வதற்கென்றே ஒருவரைத் தனி மேஜையில் உட்கார வைத்தார்கள். மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்கிற மேனேஜரிடம் டூட்டி பட்டியலையும் மாற்றச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஐடியை விட்டுவிட்டு நேரம் வேறொருவர் கையில் இருக்கிற இன்னொரு வேலைக்குப் போனால் இதேதான் தொடரும், சம்பளம் வேறு குறையும். முதலில் உங்கள் டீமில் டெட்லைனை யார் போடுகிறார், "இந்தத் தேதிக்குள் முடியாது" என்று சொன்னால் என்ன நடக்கிறது, உங்கள் நிலைமை புரிந்த ஒரு ஆளாவது பக்கத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். வீட்டிலிருந்தே வேலை என்றால் அந்தக் கடைசி ஆள் இல்லாமல்தான் பலர் தவிக்கிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு படபடப்பு என்று வந்து, ஈசிஜி நார்மல் என்றதும் "வெறும் வாயுத் தொல்லைதான்" என்று சொல்லிக்கொண்டு போய்விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். இருக்கவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூப்பிடுங்கள்.

டெட்லைன் விஷயம் உங்கள் ஆபீஸில் எப்படி என்று கீழே எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு வேலை மாறுவதைப் பற்றிப் பேசலாம்.