குசினி யார் வீட்டுச் சொல்?

வணக்கம் ஐயா,
புதுச்சேரியில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சமையலறையைக் குசினி என்பார்கள். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன 'க்யுஸீன்' என்றே நம்பியிருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மருமகளும் குசினி என்கிறாள். பிரெஞ்சுக்காரர் ஆளாத ஊருக்கு அது எப்படிப் போனது?
முத்தியால்பேட்டை வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மருமகள் வாயிலேயே விடை இருக்கிறது. ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்துச் சொல்லின் ஊரைத் தீர்மானிக்கக்கூடாது. அது எங்கெல்லாம் புழங்குகிறது என்று முதலில் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் குசினி, மலையாளத்தில் குசினி, சிங்களத்தில் குஸ்ஸிய. இம்மூன்று இடங்களுக்கும் பொதுவானவர்கள் போர்த்துக்கீசியர். யாழ்ப்பாணம் 1619 முதல் 1658 வரை அவர்கள் கையில் இருந்தது. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்கு வந்ததே 1670களில்தான். அப்போது இந்தக் கரையின் வணிகப் பேச்சு பெரும்பாலும் போர்த்துக்கீசியம்.

போர்த்துக்கீசியத்தில் சமையலறை 'குஸீஞ'. எழுத்தில் முதலெழுத்து 'கொ'. அழுத்தமில்லாததால் 'கு' ஆகிவிடும். ஒரு தடை உண்டு, மறைக்க விரும்பவில்லை. அம்மொழியின் கடைசி 'அ' தமிழில் 'ஐ' ஆவதே வழக்கம்: மேஸ மேசையானது, கதெய்ர கதிரையானது (மருமகளிடம் நாற்காலிக்கு என்ன சொல் என்று கேட்டுப் பாருங்கள்). அப்படியானால் 'குசினை' வந்திருக்கவேண்டும். அந்த 'ஞ'வின் யகரச் சாயலே 'னி' ஆகியிருக்கவேண்டும் என்பது என் கணிப்பு. பிரெஞ்சு என்று வைத்தாலும் சிக்கல் தீராது. 'ன்' என்று முடியும் சொல்லுக்குத் தமிழ் ஏன் ஓர் இகரத்தை ஒட்டவேண்டும்? ஆனால் புதுச்சேரியில் இச்சொல் இத்தனை காலம் நிலைக்கப் பிரெஞ்சு துணை நின்றிருக்கும். பொருளிலும் வேறுபாடு உண்டு: 'க்யுஸீன்' சமையலறையையும் சமையல் முறையையும் குறிக்கும், ஆங்கிலம் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டது, நம் குசினி அறையோடு நின்றது.

'குஸீஞ', 'க்யுஸீன்' இரண்டுக்கும் தாய் லத்தீனின் 'கொக்வீனா'. கிச்சனும் அதன் வழிதான், ஜெர்மனின் 'க்யூஹெ'யும். 'கொக்வீனா'வுக்கு அடியான, 'சமைத்தல்' என்ற லத்தீன் வினையிலிருந்தே பிஸ்கட்டும் வந்தது, 'இருமுறை சுட்டது' என்ற பொருளில்.

இன்னும் பின்னே போனால் அந்த லத்தீன் வினையும் சமஸ்கிருதத்தின் 'பச்'சும் ஒரே வேர். முதலில் 'ப'வில் தொடங்கிய வேர், உள்ளிருந்த 'க்வ' ஒலியின் இழுப்பில் லத்தீனில் 'க' ஆயிற்று. சமஸ்கிருதத்தில் 'ப' அப்படியே நின்று, 'பக்வ' வழியாக நமக்குப் பக்குவம் ஆனது. குசினியில் குழம்பு பக்குவமாக வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், ஒரே வேரின் இரண்டு கிளைகள் அந்த வாக்கியத்தில் இருக்கின்றன.